போர்மா: கடையா, அடுப்பா, அறையா?

குமரி மாவட்டத்தில் தக்கலை தாண்டி மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை என்று மேற்கே போகப் போக ஒரு பழைய சொல் காதில் விழும்: போர்மா. "போர்மாவில போய் ரெண்டு ரொட்டி வாங்கிட்டு வா" என்று பெரியவர்கள் சொன்னால், இளையவர்கள் அதை பேக்கரிக்கு ஒரு பழைய பெயர் என்று எடுத்துக்கொள்கிறார்கள். வேறு சிலருக்குப் போர்மா என்றால் விறகடுப்பு. சமையல் வீடியோக்களைப் பார்த்தவர்களைக் கேட்டால், தந்தூரி அடுப்புக்கு அண்ணன் தம்பி என்பார்கள், "அந்தப் புகை மணமே தனி" என்பார்கள்.

எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் முக்கியமான ஒரு விஷயம் விடுபட்டுப் போகிறது. பழைய முறைப் போர்மாவில் ரொட்டி வேகும் நேரத்தில் உள்ளே தீயே இருக்காது. தீயை எடுத்து வெளியே தள்ளிவிட்டுத்தான் ரொட்டியை உள்ளே வைப்பார்கள். இந்த ஒன்று பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

சொல் எதைக் குறிக்கிறது

முதலில் சொல்லைப் பார்த்துவிடலாம். 1956 நவம்பர் 1 வரை இந்தப் பகுதி திருவிதாங்கூர்–கொச்சியோடு இருந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சேர்ந்துதான் அன்று கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழகத்துக்கு வந்தன. கல்குளம், விளவங்கோடு பக்கப் பேச்சில் மலையாளம் கலந்திருப்பதில் ஆச்சரியம் இல்லை. கேரளத்தில் 'போர்ம' என்று புழங்கும் சொல்தான் இங்கே போர்மா.

இது போர்ச்சுகீசியர் வழி வந்த சொல் என்றே பொதுவாகச் சொல்வார்கள். அவர்கள் மொழியில் 'ஃபோர்னோ' என்றால் ரொட்டி சுடும் அடுப்பு, 'ஃபோர்மா' என்றால் அச்சு. இலங்கைத் தமிழர்கள் ரொட்டி அடுப்பைப் 'போறணை' என்கிறார்கள். அது அந்த ஃபோர்னோவின் வழியில் வந்தது. ஜன்னல், அலமாரி, சாவி, மேசை எல்லாம் அதே கப்பலில் வந்து இறங்கியவைதான். யாரும் அவற்றை அயல் சொல்லாக நினைப்பதில்லை.

சொல்லின் பிறப்பைவிட அதன் பொருள் எப்படி விரிந்தது என்பதுதான் நமக்கு வேண்டியது. போர்மா என்பது முதலில் அடுப்பு. "போர்மா சூடாயிட்டா?" என்று கேட்டால் அடுப்பைத்தான் கேட்கிறார்கள். அடுத்து, அந்த அடுப்பு இருக்கிற வேலைக்கூடம். "அவர் போர்மாவில் வேலை பார்க்கிறார்" என்றால் மாவு பிசைவது முதல் ரொட்டி எடுப்பது வரை எல்லாம் நடக்கும் அந்தக் கட்டடம். அப்புறம்தான் கடை. சுட்ட இடத்திலேயே விற்ற காலத்தில் கடையும் அதே பெயரைப் பெற்றுக்கொண்டது.

இன்றைய 'அடுமனை'யும் இலங்கைத் தமிழின் 'வெதுப்பகமும்' நல்ல சொற்கள்தான், ஆனால் அவை முழுக் கடைக்கும் வைத்த பெயர்கள். போர்மா உள்ளே இருக்கிற அந்த ஒரு பொருளில் இருந்து கிளம்பிய பெயர். ஆகவே எங்கிருந்தாவது வாங்கிவந்து கண்ணாடி அலமாரியில் அடுக்கி விற்கிற கடையைப் போர்மா என்றால், பழைய ஆட்கள் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள்.

சுருக்கமாக: போர்மா என்பது முதலில் அடுப்பு, பிறகு கூடம், பிறகு கடை. எந்தப் பொருளில் பேசுகிறார்கள் என்பது பேச்சின் போக்கில் தெரியும்.

தீ இல்லாமல் எப்படி வேகும்?

சித்திரை மாதம் இரவு ஒன்பது மணிக்கு மொட்டை மாடியில் வெறுங்காலோடு நடந்து பாருங்கள். சூரியன் மறைந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். காற்றுகூட ஆறியிருக்கும். தரை மட்டும் காலைச் சுடும். பகலெல்லாம் வாங்கிய வெயிலைத் தளம் தனக்குள் வைத்துக்கொண்டு, இரவு முழுக்க மெதுவாகத் திருப்பிக் கொடுக்கிறது.

போர்மாவும் இதையேதான் செய்கிறது. வெயிலின் இடத்தில் விறகுத் தீ, தளத்தின் இடத்தில் செங்கல் அறை. இரண்டு மூன்று மணி நேரம் தீயை உள்ளே எரித்துச் செங்கல்லுக்குச் சூட்டை ஊட்டுகிறார்கள். பிறகு தீயை எடுத்துவிட்டு வாயை அடைக்கிறார்கள். மாடித் தளத்துக்கு வெயில் மேலே இருந்து மட்டும்தான். போர்மாவுக்குத் தரை, சுவர், கூரை எல்லாப் பக்கமும் சூடு ஏறியிருக்கும். அந்தச் சூடு வெளியே போக வழியும் குறைவு.

ஒரு பொருள் எவ்வளவு வெப்பத்தைத் தனக்குள் வாங்கி வைக்க முடியும் என்பதற்குப் பள்ளிப் பாடத்தில் ஒரு பெயர் உண்டு: வெப்ப ஏற்புத்திறன். எடை கூடினால் இதுவும் கூடும். ஒரு டன் செங்கல் 300 டிகிரியில் இருந்து 200 டிகிரிக்கு ஆறும்போது வெளிவிடும் வெப்பம், ஏறக்குறைய 23 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். வீட்டில் வைக்கிற சிறிய மின்சார அடுப்பின் தகரச் சுவரில் இந்தச் சேமிப்புக்கு இடமே இல்லை. அதனால்தான் அது விட்டுவிட்டு மின்சாரத்தை இழுத்துக்கொண்டே இருக்கிறது.

போர்மாவின் அமைப்பு

தரையில் செங்கல் அல்லது ஓட்டுக்கல் பாவியிருப்பார்கள். மேலே வளைந்த கூரை. சுவர்கள் பெரும்பாலும் ஓர் அடிக்கும் அதிகமான கனம். சுவருக்கும் வெளிக்கட்டுக்கும் நடுவே மணலோ மண்ணோ நிரப்பி வைத்தால் சூடு இன்னும் தாங்கும். முன்னால் ஒரே ஒரு வாய், அதற்கு இரும்புக் கதவு. வாய் சிறியதாகவும் கூரை தாழ்வாகவும் இருப்பதற்குக் காரணம் உண்டு. வாய் பெரிதானால் திறக்கும்போதெல்லாம் சூடு கொட்டிப்போகும். கூரை உயர்ந்தால் ரொட்டியின் மேல்பக்கம் சிவக்காது.

இதிலும் இரண்டு வகை உண்டு. ரொட்டி வைக்கிற அதே தரையில் தீ மூட்டுவது ஒன்று. பக்கவாட்டில் தனியே தீக்குழி வைத்து, அங்கிருந்து தணலும் சூடும் அறைக்குள் போய் எதிர்மூலைப் புகைவழியாக வெளியேறும்படி கட்டுவது இன்னொன்று. இரண்டாவது வகையில் இடையில் கொஞ்சம் விறகு சேர்த்துச் சூட்டை ஏற்றிக்கொள்ளலாம். இரண்டிலும் ரொட்டியைச் சுடுவது முக்கியமாகச் செங்கல்தான்.

தந்தூரியோடு ஒப்பிடுவது ஏன் சரியில்லை என்பதும் இங்கே தெரிந்துவிடும். தந்தூரி செங்குத்தான மண் குடம். அடியில் தணல் இருந்துகொண்டே இருக்கும், ரொட்டியைச் சுவரில் ஒட்டி ஓரிரு நிமிடத்தில் எடுத்துவிடுவார்கள். போர்மா படுக்கையான, மூடிய அறை. வேலை நிதானமாக நடக்கும்.

சூடேற்றும் வேலை

விறகுக்கு இந்த மாவட்டத்தில் பஞ்சம் குறைவு. பால் வற்றி வெட்டித் தள்ளும் பழைய ரப்பர் மரம், புளி, மா, முந்திரி, அப்புறம் தென்னையில் இருந்து கிடைக்கும் மட்டை, தேங்காய் உரித்த தொண்டு, சிரட்டை. மூட்டுவதற்குக் கொதும்பும் (காய்ந்த தென்னம்பாளை) ஓலையும். எதுவானாலும் காய்ந்திருக்க வேண்டும். அப்போது வெட்டிய பச்சை மரத்தில் எடையில் ஏறத்தாழ பாதி தண்ணீர். அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே தீயின் ஒரு பங்கு செலவாகிவிடும், செங்கல்லுக்குப் போக வேண்டியது புகையாக வெளியேறும். தென்மேற்கு மழையும் வடகிழக்கு மழையும் இரண்டுமே பெய்கிற மாவட்டம் இது. போர்மாவை ஒட்டி ஒரு விறகுப்புரை எப்போதும் இருப்பது சும்மா இல்லை.

தீ மூட்டியதும் கூரையின் உட்பக்கம் கரி படிந்து கறுத்துப்போகும். செங்கல் இன்னும் குளிர்ந்திருப்பதால் புகைக்கரி அதில் ஒட்டிக்கொள்கிறது. தீ நின்று எரிய எரிய, உட்பக்கச் சூடு சுமார் 350 டிகிரியைத் தாண்டும்போது, ஒட்டிய கரியே எரிந்து போய்விடும். கறுத்த கூரை மெல்ல வெளுக்கத் தொடங்கும். அனுபவமுள்ள ஆளுக்கு இதுதான் வெப்பமானி. ஒரு மூலை மட்டும் இன்னும் கறுப்பாக இருந்தால், தணலை அந்தப் பக்கம் தள்ளுவார்.

கூரை முழுக்க வெளுத்ததும் தணலையும் சாம்பலையும் வாரி வெளியே எடுக்கிறார்கள். நீளக் கம்பில் கட்டிய ஈரச் சாக்கால் தரையைத் துடைக்கிறார்கள். இது வெறும் சுத்தம் மட்டும் இல்லை. தரை நேரடியாகத் தணல் கிடந்த இடம், அதனால் அளவுக்கு மீறிச் சூடாக இருக்கும். ஈரச் சாக்கு அதைக் கொஞ்சம் இறக்குகிறது.

அதற்குப் பிறகும் உடனே ரொட்டி வைப்பதில்லை. கதவை அடைத்துக் கொஞ்ச நேரம் விட்டுவிடுவார்கள். புதிதாகப் பார்க்கிறவருக்கு இது வீண் காத்திருப்பாகத் தோன்றும். உண்மையில், மேற்பரப்பில் மட்டும் ஏறியிருக்கும் கடுஞ்சூடு செங்கல்லின் உள்ளே இறங்கிப் பரவுவதற்கான நேரம் அது. இப்படி விடாமல் அவசரப்பட்டால் மேல் கருகி உள்ளே மாவாக இருக்கும். பிறகு ஒரு கை மாவைத் தரையில் தூவிப் பார்ப்பார்கள். உடனே கறுத்தால் இன்னும் பொறுக்க வேண்டும். மெதுவாகப் பொன்னிறமானால் நேரம் வந்துவிட்டது.

தினமும் மூட்டுகிற போர்மா முழுதாக ஆறுவதே இல்லை. காலையில் கைவைத்தால் வெதுவெதுப்பு இருக்கும். இரண்டு மூன்று நாள் விடுமுறை விட்டுத் திறந்தால் விறகு கூடுதலாக வாங்கும். புதிதாகக் கட்டிய போர்மாவை நாள்கணக்கில் சிறுதீ வைத்துத்தான் பழக்க வேண்டும். சாந்தில் இருக்கும் ஈரம் ஒரேயடியாக ஆவியானால் சுவர் விரிசல் விடும்.

இதுவரை பார்த்தது: முதலில் தீ, பிறகு சுத்தம், பிறகு காத்திருப்பு, கடைசியில் ரொட்டி. இந்த வரிசை மாறாது.

சூடு ரொட்டிக்கு எப்படிப் போகிறது

மூன்று வழி. மூன்றுக்கும் பாடப்புத்தகப் பெயர் உண்டு, பயப்பட வேண்டாம்.

தொட்டால் சூடு ஏறுவது வெப்பக்கடத்தல். தரையில் இருந்து ரொட்டியின் அடிப்பாகத்துக்கு இப்படித்தான் போகிறது. இங்கேதான் செங்கல்லின் பெருந்தன்மை தெரியும். இரும்பு வெப்பத்தைச் செங்கல்லைவிடப் பல பத்து மடங்கு வேகமாகக் கடத்தும். 250 டிகிரி இரும்புத் தரையில் மாவை வைத்தால் அடி கருகிவிடும். அதே 250 டிகிரிச் செங்கல், தன்னிடம் நிறைய வைத்திருந்தாலும் அளந்து அளந்துதான் கொடுக்கும்.

தொடாமலே வருவது வெப்பக்கதிர்வீச்சு. கூரையும் சுவரும் கண்ணுக்குத் தெரியாத கதிராகச் சூட்டை வீசுகின்றன. போர்மாவில் ரொட்டியின் மேல்பக்கம் சிவப்பது பெரும்பாலும் இதனால்தான். வளைந்த கூரை இருப்பதால் எல்லாப் பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவில் படும்.

காற்று நகர்ந்து சூட்டைக் கொண்டுபோவது வெப்பச்சலனம். போர்மாவில் இதன் பங்கு சிறியது. இன்றைய பெரிய பேக்கரிகளில் டிராலியோடு சுற்றுகிற அடுப்பு இருக்கிறதே, அதில் இதுதான் ராஜா. விசிறி வைத்துச் சூடான காற்றை அடிக்கிறார்கள். சீராக வேகும், மேல்தோல் சீக்கிரம் காயும்.

மாவுக்குள் நடப்பது

பிசைந்து புளித்த மாவில் ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் சர்க்கரையைத் தின்று வாயுவை விட்டுக்கொண்டிருக்கிறது. நம் ஊர் ஆப்ப மாவில் கள் செய்கிற வேலையும் இதே ஈஸ்டின் வேலைதான். சூட்டுக்குள் போனதும் முதலில் அது இன்னும் வேகமாக வேலை செய்யும், வாயுவும் விரியும், ரொட்டி சட்டென்று எழும்பும். சுமார் 60 டிகிரியில் ஈஸ்ட் செத்துவிடும். அதை ஒட்டி மாவுச்சத்து தண்ணீரைக் குடித்து இறுகி, எழுந்த உருவத்தை அப்படியே நிலைநிறுத்தும்.

போர்மா 230 டிகிரியில் இருந்தாலும் ரொட்டியின் நடுப்பகுதி 100 டிகிரியைத் தாண்டாது. உள்ளே தண்ணீர் இருக்கும்வரை தாண்ட முடியாது. மேல்தோல் மட்டும் காய்ந்து அதற்கு மேலே போகும். அங்கே சுமார் 140 டிகிரிக்கு மேல் சர்க்கரையும் புரதமும் சேர்ந்து பழுப்பு நிறத்தையும் அந்த மணத்தையும் உண்டாக்குகின்றன. 1912இல் இதை விவரித்த பிரெஞ்சு வேதியியலாளரின் பெயரால் மெய்லார்டு வினை என்கிறோம். தோசை ஓரம் முறுகுவதும் அதே வினைதான்.

மூடிய போர்மாவில் இன்னொரு லாபம். ரொட்டி வேகும்போது அதன் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு நீராவியாகப் போகிறது. பல ரொட்டிகள் ஒன்றாக வேகும் அறையில் இந்த நீராவி உள்ளேயே நிற்கும். மேல்தோல் சீக்கிரம் காய்ந்து இறுகாமல், ரொட்டி முழுதாக எழும்பும்வரை இளகி நிற்கும். போர்மா ரொட்டியின் மினுமினுப்பில் இதற்கும் பங்கு உண்டு.

இறங்கும் சூடும் இறங்கும் பட்டியலும்

எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். தீ எடுத்தபின் போர்மாவின் சூடு ஒரே திசையில்தான் போகும்: கீழே. அதை நிறுத்த முடியாது, மெதுவாக்கத்தான் முடியும். ஆகவே போர்மாக்காரர்கள் சூட்டை மாற்றுவதற்குப் பதில் பலகாரத்தை மாற்றிக்கொண்டார்கள்.

முதல் சூட்டில், 220 டிகிரிக்கு மேல் இருக்கும்போது, ரொட்டி. கொஞ்சம் இறங்கி 200 பக்கம் வந்ததும் இனிப்பு பன். பன்னில் சர்க்கரை அதிகம், முதல் சூட்டில் வைத்தால் கறுத்துவிடும். 160இல் இருந்து 180 வரை கேக்கும் பிஸ்கோத்தும். கேக்குக்கு அவசரம் ஆகாது. வெளியே சிவப்பதற்குள் நடுவில் வேக வேண்டும். அதற்கும் கீழே இறங்கியபிறகு ரஸ்க். ரஸ்க் என்பது இரண்டாம் முறை சுட்ட ரொட்டி. நேற்று மிஞ்சியதையோ அதற்கென்றே சுட்டதையோ துண்டு போட்டு அடுக்கி, ஈரம் முழுக்கப் போகும்வரை விட்டுவிடுவார்கள். இதற்குத் தேவை கடுஞ்சூடு இல்லை, நேரம்தான். இரவெல்லாம் ஆறிக்கொண்டிருக்கும் போர்மா அந்த நேரத்தை இலவசமாகக் கொடுக்கிறது. தூத்துக்குடியின் மக்ரூனும் இந்தக் குணம் கொண்டதுதான். முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி சேர்ந்த அந்த நுரையைக் குறைந்த சூட்டில் மணிக்கணக்கில் காயவைக்க வேண்டும்.

ஆக, ஒரே விறகில் ஐந்தாறு பலகாரம். சிக்கனம் என்று தனியாக யாரும் போதித்ததில்லை, செங்கல் ஆறுகிற வேகம் சொல்லிக்கொடுத்தது. கிறிஸ்துமஸ் சமயத்தில் வீட்டில் கலக்கிய கேக் மாவைப் பாத்திரத்தோடு போர்மாவுக்குக் கொண்டுபோய்ச் சுட்டு வாங்கிய வழக்கமும் இதில்தான் வரும். ரொட்டி முடிந்தபிறகு வரச் சொல்வார்கள். விரட்டுவதற்காக இல்லை, கேக்கின் சூடு வர அவ்வளவு நேரம் ஆகும்.

ஒரு சின்ன இடைச்செருகல்: சாயக்கடைக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் வெட்டுகேக்குக்கும் போர்மாவுக்கும் சம்பந்தம் இல்லை. பெயரில் கேக் இருந்தாலும் அது எண்ணெயில் பொரித்தது.

புகை மணம், உடம்புக்கு நல்லது போன்ற பேச்சுகள்

தணலை வாரி எடுத்துத் துடைத்த அறையில் புகை எங்கிருந்து வரும்? லேசாக ஏதாவது ஒட்டியிருக்கலாம், பக்கவாட்டுத் தீக்குழி உள்ள போர்மாவில் கொஞ்சம் கூடுதலாகவும் இருக்கலாம். ஆனால் நாம் மெச்சுகிற மணத்தின் பெரும்பகுதி மேல்தோல் நன்றாகச் சிவந்த மணம். ரொட்டியில் தூக்கலாகப் புகை வாடை அடித்தால் அது பெருமை இல்லை. விறகு ஈரம், அல்லது சுத்தம் போதவில்லை.

விறகில் சுட்டதால் உடம்புக்கு நல்லது என்பதும் சும்மா பேச்சு. உள்ளே போனது மைதாவும் சர்க்கரையும் என்றால் வெளியே வருவதும் அதுவேதான். பழைய ரொட்டி சுவையாக இருந்ததற்கு இரவு முழுக்க மாவைப் புளிக்கவிட்டதும் ஒரு காரணம். அதை மின்சார அடுப்பு வைத்திருப்பவரும் செய்யலாம். பெரும்பாலும் யாரும் பொறுமை காப்பதில்லை, அவ்வளவுதான்.

இன்றைய வழக்கு

விறகு சுமக்க ஆள் வேண்டும், விடியும் முன் தீ மூட்ட ஆள் வேண்டும், அந்தக் கொதிப்பின் முன் நிற்க ஆள் வேண்டும். டீசலிலும் மின்சாரத்திலும் ஓடும் அடுப்பில் பொத்தானை அழுத்தினால் எந்த நேரத்திலும் எந்தச் சூடும் கிடைக்கிறது. ரொட்டிக்குப் பின்தான் கேக் என்ற வரிசையும் தேவையில்லை. போர்மாக்கள் குறைந்ததற்கு இதைவிடப் பெரிய மர்மம் எதுவும் இல்லை.

சொல் மட்டும் அடுப்பைவிட நீளமாக வாழ்கிறது. பலகையில் போர்மா என்று எழுதிவிட்டு உள்ளே மின்சார அடுப்பு வைத்திருக்கும் கடைகள் உண்டு. ஏமாற்று என்று சிலர் கோபப்படுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அடுப்பின் பெயர் கடைக்குப் போய் ரொம்ப நாளாகிவிட்டது. அடுப்பை மாற்றினால் கடையின் பெயரையும் மாற்ற வேண்டும் என்பது யாருக்கும் கட்டாயம் இல்லை. ஆனால் 'விறகு போர்மா' என்று எழுதியிருந்தால் கதை வேறு. ஒரு காலத்தில் தேவையே இல்லாத அடைமொழி இது, விறகில்லாத போர்மா கிடையாது என்பதால். இப்போது வாங்குகிறவர் அதை நம்பிக் காசு கொடுக்கிறார், எனவே விறகு இருந்தாக வேண்டும். சந்தேகம் இருந்தால் கடைக்காரரிடம் புகை மணத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். எத்தனை மணிக்குத் தீ மூட்டுவீர்கள், ரொட்டி முடிந்து கேக் வைக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று கேளுங்கள். போர்மாவில் நிற்கிறவருக்கு இரண்டுக்கும் பதில் நாக்கு நுனியில் இருக்கும்.